பிறந்த குழந்தைக்குச் சொட்டு மருந்து: குடலுக்குள் என்ன நடக்கிறது, தாய்ப்பாலை ஏன் நிறுத்தக் கூடாது?

கொருக்குப்பேட்டையில் இருந்து ஒரு தாய் கேட்ட கேள்வி: "குழந்தைக்கு இன்னையோட 18 நாள். பொறந்த அன்னைக்கே போலியோ சொட்டு போட்டாங்க. கொஞ்ச நேரத்துல பாலோட சேத்து கக்கிடுச்சு. மருந்து வீணாப் போச்சா? சொட்டு போட்டா ஒரு மணி நேரம் பால் குடுக்கக் கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க. ஆறாவது வாரம் மறுபடியும் சொட்டு, அதோட வயித்துப்போக்குக்கு வேற தனி சொட்டு, ஊசின்னு சொல்றாங்க. எல்லாத்தையும் ஊசியாவே போட்டா ஆகாதா? இவ்ளோ சின்னக் குடலுக்கு மருந்து போட்டா என்ன புரியும்?"

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலை நிறுத்த வேண்டாம். சொட்டு போடும் முன்னும் சரி, போட்ட மறு நிமிடமும் சரி, குழந்தை கேட்டால் கொடுங்கள்.

கக்கியதைப் பற்றி: சொட்டு விழுந்து ஐந்து, பத்து நிமிடத்துக்குள் கக்கியிருந்தால் அங்கேயே இன்னொரு முறை இரண்டு சொட்டு போடலாம். அதற்குப் பிறகு கக்கினால் கவலை இல்லை, மருந்து உள்ளே போய்விட்டது. எப்படி இருந்தாலும் இப்போது திரும்பப் போட மாட்டார்கள். பிறப்பு டோஸ் 15 நாளுக்குள் மட்டும்தான். அதற்கு 'ஜீரோ டோஸ்' என்று பெயர் வைத்ததே, பின்னால் வரும் மூன்று டோஸ் கணக்கில் அதைச் சேர்க்காமல் கூடுதலாகக் கொடுப்பதால்தான். ஆகவே எண்ணிக்கையில் உங்கள் குழந்தைக்கு எதுவும் குறையவில்லை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. சின்னக் குடலுக்கு என்ன புரியும்? இதற்குச் சரியான பதில் தெரிந்தால் மற்ற கேள்விகளுக்கும் பதில் தானாகக் கிடைத்துவிடும். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

குழந்தை வயிற்றில் இருந்தபோது, முக்கியமாகக் கடைசி மூன்று மாதத்தில், உங்கள் ரத்தத்தில் இருந்த ஐஜிஜி என்ற ஆன்டிபாடி (கிருமியைப் பிடித்து வைக்கும் புரதம்) நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போயிருக்கிறது. இது ரத்தத்தில் சுற்றிக் காவல் காக்கும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்து, ஆறு மாதம் ஆவதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் குடல், மூக்கு, தொண்டை இவற்றின் உள்சவ்வில் காவலுக்கு நிற்பது வேறு ஆள். அதன் பெயர் ஐஜிஏ. அது நஞ்சுக்கொடியைத் தாண்டுவதில்லை. பிறந்த குழந்தையின் குடலில் ஐஜிஏ சுரக்கும் செல்கள் முதல் ஓரிரு வாரத்துக்கு ஏறக்குறைய இருப்பதே இல்லை. அந்த இடைவெளியை அடைப்பது சீம்பால். சீம்பாலில் ஐஜிஏ லிட்டருக்குப் பல கிராம் இருக்கும். சில வாரத்தில் பால் முதிர்ந்ததும் லிட்டருக்கு ஒரு கிராம் அளவுக்கு இறங்கும். அதற்குள் குழந்தை குடிக்கும் பாலின் அளவு கூடிவிடுவதால் காவல் விட்டுப்போவதில்லை.

போலியோ கிருமி வாய் வழியாக வந்து குடலில்தான் முதலில் பெருகும். பிறகுதான் ரத்தத்துக்கும் நரம்புக்கும் போகும். எனவே வாசலிலேயே ஆள் நிறுத்துவதுதான் சொட்டு மருந்தின் நோக்கம்.

அந்த இரண்டு சொட்டு உள்ளே போய் என்ன செய்கிறது என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் 0.1 மி.லி. அளவு. அதில் வலுவிழக்கச் செய்த, ஆனால் உயிருள்ள போலியோ வைரஸ் இருக்கிறது. அதில் டைப் 1 என்ற ஒரு வகை மட்டுமே பத்து லட்சம் அளவுக்கு. தொண்டையைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போனதும் அது செல்களுக்குள் நுழைந்து பெருக ஆரம்பிக்கும். அதாவது நர்ஸ் போட்ட சொட்டு வெறும் விதைதான். பெருகினால்தான் மருந்து 'பிடித்தது' என்று அர்த்தம். சிறுகுடல் சுவரில் அங்கங்கே அவித்த துவரம்பருப்பைப் பரப்பி வைத்தது போலச் சின்னச் சின்னத் திட்டுகள் உண்டு. பேயர் திட்டுகள் என்பார்கள். அவற்றின் மேல் 'எம்' செல்கள் இருக்கும். இவற்றின் வேலையே குடலுக்குள் போகிற வருகிற பொருளைக் கொஞ்சம் கிள்ளி எடுத்து அடியில் இருக்கும் நோய் எதிர்ப்புச் செல்களிடம் கொடுப்பது. அங்கே பழகிய பி செல்கள் (ஆன்டிபாடி செய்யும் செல்கள்) நிணநீர் முடிச்சு வழியாக ரத்தத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, மறுபடி குடல் சுவருக்கே திரும்பி வந்து குடியேறும். குடியேறி, இரண்டிரண்டாகக் கோர்த்த ஐஜிஏவைச் சுரக்கும். சவ்வுச் செல்லில் உள்ள ஒரு ஏற்பி அந்த ஜோடியைப் பிடித்து மறுபக்கம் கடத்திவிட்டு, தன்னிலிருந்து ஒரு துண்டையும் அதன்மேல் கவசம் மாதிரி போர்த்தி அனுப்பும். அந்தக் கவசம் இருப்பதால்தான் செரிமான நொதிகள் அதைச் சட்டென்று அரித்துவிடுவதில்லை. தாய்ப்பாலில் வருவதும் இதே கவசம் போட்ட ஐஜிஏதான்.

கையில் போடும் ஊசி இந்த வழியைத் தொடுவதில்லை. ஊசி போட்டால் ரத்தத்தில் ஐஜிஜி நன்றாக வரும். கிருமி நரம்புக்குப் போகாது, வாதம் வராது. ஆனால் ஊசி மட்டுமே போட்ட குழந்தையின் குடலில் காட்டுப் போலியோ (மருந்திலிருந்து வராமல் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமி) பெருகி மலத்தில் வெளியேறலாம். அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஆகலாம். ஒரே சந்தில் பத்து வீடு, ஒரே அடி பம்பு, பொதுக் கழிவறை என்று இருக்கும் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு போன்ற இடங்களில் இந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது.

பிறந்த குழந்தையின் குடல் பெரியவர்களின் குடல் போல வேலை செய்யாது என்பதும் உண்மை. பேயர் திட்டுகள் பிறக்கும்போதே இருக்கும். ஆனால் அவற்றுக்குள் பி செல்கள் பயிற்சி எடுக்கும் மையங்கள், பிறந்த பின் குடலில் பாக்டீரியா குடியேறிய பிறகுதான் உருவாகும். செய்தி சொல்லும் செல்கள் போர் மூட்டும் சமிக்ஞையைக் குறைவாகவே வெளியிடும். பொறுத்துப் போகச் சொல்லும் செல்கள் அதிகமாக இருக்கும். இதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். பிறந்த முதல் வாரத்தில் பால் புரதத்தையும் கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியாவையும் அந்தக் குடல் ஏற்றுக்கொண்டாக வேண்டும். எதிரே வந்த எல்லாவற்றோடும் சண்டை போட்டால் குழந்தை பிழைக்காது. எனவே பதில் மெதுவாக வரும், சிறிதாக வரும், ஆனால் நினைவு பதியும். பிறகு வரும் டோஸ்கள் அந்த நினைவை எழுப்பும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. இந்தோனேசியாவில் ஆர்வி3-பிபி என்ற ரோட்டா சொட்டு மருந்தை (ரோட்டா என்பது குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு தரும் வைரஸ்; நீங்கள் கேட்ட தனி சொட்டு இதற்குத்தான்) பிறந்த ஐந்து நாளுக்குள் தொடங்கிப் பார்த்தார்கள். 2018ல் வெளியான அந்த ஆய்வில், பிறந்தவுடன் தொடங்கிய குழந்தைகளுக்கு 18 மாதம் வரை கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கிலிருந்து 75% பாதுகாப்பு கிடைத்தது. இரண்டு மாத வாக்கில் தொடங்கியவர்களுக்கு 51%தான். சின்னக் குடலுக்குப் புரியாது என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை. நம் நாட்டு ரோட்டாவேக் மருந்தின் மூலக் கிருமியான 116இ கூட 1980களில் டெல்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளிடமிருந்து எடுத்ததுதான். அந்தக் குழந்தைகளுக்குத் தொற்று இருந்தது, நோய் இல்லை.

சரி, இவ்வளவு நல்ல மருந்து என்றால் ஒரே தடவை போட்டு முடிக்காமல் ஏன் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்? ஏனென்றால் நம் ஊர்க் குடலில் சொட்டு எல்லாத் தடவையும் பிடிப்பதில்லை. பணக்கார நாடுகளில் மூன்று டோஸில் கிடைக்கும் பலன் இங்கே கிடைக்கவில்லை என்று வேலூர் சிஎம்சியில் 1970களிலேயே கண்டார்கள். ரோட்டாவும் அப்படியே. வேலூரில் 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை பின்தொடர்ந்த ஆய்வில், மூன்று முறை இயற்கையாகத் தொற்று வந்த பிறகும் பாதுகாப்பு 79%தான். மெக்சிகோவில் இரண்டு தொற்றுக்குப் பிறகே கடுமையான நோய் வரவில்லை. ரோட்டாவேக் டெல்லி, புனே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டபோது கிடைத்த பாதுகாப்பு சுமார் 55%. குறைவாகத் தெரியலாம். ஆனால் ரோட்டா நம்மிடம் எத்தனை குழந்தைகளை டிரிப்ஸ் ஏற்ற ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கிறது என்று பார்த்தால், அதில் பாதி குறைவது சின்ன விஷயம் இல்லை.

பிடிக்காமல் போக என்ன காரணம்? ஒன்று, அம்மாவிடமிருந்து வந்த ஆன்டிபாடிகள். நாம் பிறந்ததிலிருந்து இந்தக் கிருமிகளோடு பழகியவர்கள். நம் ரத்தத்திலும் பாலிலும் அவற்றுக்கு எதிரான ஆன்டிபாடி நிறைய இருக்கும். அது மருந்துக் கிருமியையும் கொஞ்சம் பிடித்து வைக்கும். இன்னொன்று, குடலில் ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும் வேறு வைரஸ்கள். போலியோவின் தாயாதிகளான மற்ற எண்டரோவைரஸ்கள் அங்கே பெருகிக்கொண்டிருந்தால் மருந்து வைரஸுக்கு இடம் கிடைக்காது. அழுக்குத் தண்ணீராலும் திரும்பத் திரும்ப வரும் தொற்றாலும் குடல் சவ்வின் விரல் போன்ற மடிப்புகள் தேய்ந்துபோவதும் சேர்ந்துகொள்ளும். போலியோ சொட்டும் ரோட்டா சொட்டும் ஒரே நாளில் போகும்போது, முதல் டோஸில் ரோட்டா கொஞ்சம் அடங்கிப் போகும்; அடுத்த டோஸ்களில் அது சரியாகிவிடும். அதனால்தான் இரண்டையும் ஒன்றாகவே போடுகிறார்கள், தனித்தனி நாளில் அலைய விடுவதில்லை.

இங்கேதான் உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு நியாயம் இருப்பது போலத் தோன்றும். பாலில் உள்ள ஐஜிஏ மருந்தைத் தடுக்கும் என்றால் ஒரு மணி நேரம் நிறுத்தினால் நல்லதுதானே? மருத்துவர்களும் அப்படித்தான் யோசித்தார்கள். அதனால் இந்தியா, பாகிஸ்தான், தென்னாப்பிரிக்கா மூன்று இடத்திலும் ரோட்டா சொட்டுக்கு முன்னும் பின்னும் அரை மணியிலிருந்து ஒரு மணி வரை பாலை நிறுத்திச் சோதித்தார்கள். ஒரு பலனும் இல்லை. காரணம், ஐஜிஏ அந்த ஒரு வேளைப் பாலில் மட்டும் இல்லை. முந்தைய வேளைகளில் குடித்தது குடல் சவ்வின் வழவழப்பிலேயே ஒட்டிக் கிடக்கும். நஞ்சுக்கொடி வழியாக வந்த ஐஜிஜியோ ரத்தத்தில் இருக்கிறது, அதை நிறுத்தவே முடியாது. ஆக, பாலை நிறுத்தினால் குழந்தை அழுவதுதான் மிச்சம். அழுகையை அடக்க யாராவது சர்க்கரைத் தண்ணீரோ கிரைப் வாட்டரோ கொடுத்துவிடுவார்கள், அங்கே வேறு வினை ஆரம்பிக்கும்.

அதைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன். வடசென்னையில் இன்னமும் பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது, நாக்கில் வசம்பு இழைத்துத் தடவுவது, தெருவில் கழுதையோடு வருபவரிடம் ஒரு சங்கு பால் வாங்கிப் புகட்டுவது எல்லாம் இருக்கிறது. பெரியவர்கள் பாசத்தில் செய்கிறார்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் காய்ச்சாத பாலும், குழாய்த் தண்ணீரில் கழுவிய சங்கும், உரைக்கும் கல்லும் சேர்ந்து எந்தெந்தக் கிருமியை அந்தக் குடலுக்குள் கொண்டுபோகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சொட்டு மருந்து பிடிப்பதைக் கெடுப்பவை என்று மேலே சொன்ன காரணங்களில் இரண்டு இப்படித்தான் உள்ளே வருகின்றன. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். கத்திரி வெயிலிலும் வேண்டாம். மாமியாரிடம் சண்டை போடாமல், "சொட்டு மருந்து நல்லாப் பிடிக்கணும்னா வேற எதுவும் வாய்ல வைக்கக் கூடாதாம் அத்தை" என்று சொல்லிப் பாருங்கள். காரணத்தோடு சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள்.

துத்தநாகம், ப்ரோபயாட்டிக், ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குடலைத் தயார் செய்து சொட்டைப் பிடிக்க வைக்கலாமா என்று வேலூரிலேயே சோதித்துப் பார்த்தாகிவிட்டது. அசித்ரோமைசின் கொடுத்ததில் குடல் பாக்டீரியா குறைந்தது, ஆனால் போலியோ சொட்டு பிடிப்பது கூடவில்லை. எனவே கடையில் யாராவது அதற்கென்று எதையாவது எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

எல்லாவற்றையும் ஊசியாகப் போட முடியாதா என்று கேட்டீர்கள். நம் அட்டவணை ஊசியையும் சொட்டையும் ஜோடியாக வைத்திருக்கிறது. அதற்கு நல்ல காரணம் உண்டு. சொட்டு முதலில் குடலுக்கு முகவரி சொல்லிக் கொடுக்கிறது. அதன் பிறகு போடும் ஊசி, ஏற்கெனவே பழகிய அந்தக் குடல் செல்களைத் தட்டி எழுப்புகிறது. சொட்டு போட்ட குழந்தைகளுக்கு ஊசி போட்டதும் மலத்தில் வைரஸ் வெளியேறுவது குறைந்ததை வேலூரிலும் உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்திலும் செய்த ஆய்வுகள் காட்டின. இரண்டும் 2014ல் வெளிவந்தன. சொட்டே பார்க்காத குடலில் ஊசி இந்த வேலையைச் செய்வதில்லை. அதனால் "ஊசி போட்டாச்சே, சொட்டு எதுக்கு" என்றும், "சொட்டு போட்டாச்சே, ஊசி எதுக்கு" என்றும் விட்டுவிடாதீர்கள்.

காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியை ஏன் தோலில் போடுகிறார்கள் என்றும் சிலர் கேட்பதுண்டு. 1921ல் பாரிஸில் முதன்முதலாக ஒரு பச்சிளம் குழந்தைக்கு பிசிஜி கொடுத்தபோது வாய் வழியாகத்தான் கொடுத்தார்கள். 1930ல் ஜெர்மனியின் லூபெக் நகரில், வாய்வழி பிசிஜியில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்துபோய் எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. தவறு தயாரிப்பில்தான், வழியில் இல்லை. பின்னாளில் அளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்று தோலுக்குள் போடும் முறையே நிலைத்தது. இங்கே ஒரு மாதத்துக்குள் 0.05 மி.லி., அதற்கு மேல் 0.1 மி.லி., இடது மேற்கையில்.

மூக்கில் விடும் தடுப்பு மருந்துகள் பச்சிளம் குழந்தைக்கு இப்போது இல்லை. மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ தடுப்பு மருந்து இரண்டு வயதுக்கு மேல்தான், அதைவிடச் சின்னக் குழந்தைகளில் இளைப்பு வந்ததால். யாராவது தடுப்பு மருந்து என்று கைக்குழந்தைக்கு மூக்கில் விடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி ஆறாவது வாரம். உங்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள் புதன்கிழமை. தாய் சேய் நல அட்டையை மறக்காதீர்கள். பிறப்பு டோஸ் அதில் எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள், இல்லையென்றால் டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துப் போங்கள். அன்று வாய் வழியாக இரண்டு: போலியோ இரண்டு சொட்டு, ரோட்டா. ரோட்டா எந்தத் தயாரிப்பு என்பதைப் பொறுத்து ஐந்து சொட்டாக இருக்கும், அல்லது 2 முதல் 2.5 மி.லி. அளவுக்கு இருக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்ததைவிடக் குறைவாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், ஆனால் மூன்று தடவையும் ஒரே தயாரிப்பாக இருந்தால் நல்லது. ஊசி மூன்று: பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி) இடது தொடையில், நிமோகாக்கல் (நிமோனியாவைத் தடுப்பது) வலது தொடையில், போலியோ ஊசி 0.1 மி.லி. வலது மேற்கையில் தோலுக்குள். சொட்டை முதலில் கேளுங்கள். ஊசி போட்டு அழும்போது சொட்டு விட்டால் பாதி வழிந்துவிடும், புரையும் ஏறும். மடியில் தலையைக் கொஞ்சம் உயர்த்திப் படுக்க வைத்து, கன்னத்தை மெல்ல அழுத்தினால் வாய் திறக்கும். ரோட்டாவை நாக்கின் நடுவில் விடாமல் கன்னத்தின் உட்பக்கமாக மெதுவாக விட்டால் துப்பாது. துப்பிவிட்டால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து யோசிக்காதீர்கள்.

மருந்துப் புட்டியை நீங்களும் பார்க்கலாம், கேட்டால் காட்டுவார்கள். லேபிளில் ஊதா வட்டம், அதற்குள் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து நல்லது. சதுரமும் வட்டமும் ஒரே நிறமாகிவிட்டால் வெப்பம் பட்டுக் கெட்டுவிட்டது. தடுப்பு மருந்துகளில் வெப்பம் தாங்காதது போலியோ சொட்டு. மதியம் இரண்டு மணிக்கு மேசை மேல் ஐஸ் பேக் உருகிப்போய்க் கிடந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

லேசான சளி, லேசான காய்ச்சல், தாய்ப்பால் குடிக்கும் குழந்தை அடிக்கடி மஞ்சளாக வெளிக்குப் போவது, இவற்றுக்காகத் தள்ளிப்போட வேண்டாம். குறைமாதக் குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்தே கணக்கு. வீட்டில் யாராவது புற்றுநோய் மருந்தோ அதிக அளவு ஸ்டீராய்டோ எடுத்துக்கொண்டிருந்தால், சில வாரத்துக்கு அவர் குழந்தையின் துணியை மாற்றாமல் இருப்பது நல்லது. மருந்து வைரஸ் மலத்தில் வந்துகொண்டிருக்கும். மற்ற எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.

ரோட்டா போட்ட பின் ஒரு வாரம் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். குடல் தொலைநோக்கி மாதிரி ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் ஒரு கோளாறு உண்டு. மருந்து போடாத குழந்தைகளுக்கும் வரும். இந்தியாவில் ரோட்டாவேக் வந்த பிறகு பல ஆஸ்பத்திரிகளில் கண்காணித்ததில், மருந்தால் அது கூடியதாகத் தெரியவில்லை. இருந்தாலும் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்: பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை காலை வயிற்றோடு மடக்கி வீறிட்டு அழுவது, நடுவில் துவண்டு கிடப்பது, பச்சையாக வாந்தி, ரத்தமும் சளியும் கலந்து ஜெல்லி போல மலம். இப்படி இருந்தால் உரை மருந்து கொடுத்துப் பார்க்கிற நேரம் இல்லை. நேராக ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ போங்கள், இரவாக இருந்தாலும். முதல் சில மணி நேரத்தில் போனால் பெரும்பாலும் அறுவை இல்லாமலே சரிசெய்துவிடலாம்.

உங்கள் குழந்தைக்கு இன்று 18 நாள். ஆறு வாரம் என்றால் 42 நாள், இன்னும் 24 நாள் இருக்கிறது. 42 நாள் நிறைவதற்கு முந்தைய புதன்கிழமை போகாதீர்கள், நிறைந்த பிறகு வரும் புதன்கிழமை போங்கள். அதிலிருந்து நான்கு வாரத்தில் அடுத்தது, மறுபடி நான்கு வாரத்தில் அதற்கடுத்தது. பிரசவத்துக்கு அம்மா வீடு வந்திருந்து இடையில் மாமியார் வீட்டுக்குத் திரும்புவதாக இருந்தால், அங்கே உள்ள சுகாதார நிலையத்தில் அதே அட்டையைக் காட்டினால் போதும், தொடர்ந்து போடுவார்கள்.